வெற்று ஆசனங்களும் விசுவாச இரசிகர்களும்

வெம்பிளி என்ற பெயர் எமது வாசகர்களுக்குப் புதியதன்று. இலண்டன் மாநகரின் வடமேற்கில் அமைந்துள்ள அப்பகுதி, புலம்பெயர்ந்த எம்மவர் பலர் குடியிருக்கும் இடமாகவும், மரக்கறிக் கடைகளும் புடைவைக் கடைகளும் நிரம்பிய ஈலிங் வீதியை உடைய இடமாகவும் இங்குள்ள உறவினர்களுக்கு நன்கு அறிமுகமானது. ஆனால், உலகின் ஏனைய பகுதியினருக்கு அப்பெயர் உணர்த்துவது 90,000 ஆசனங்களையும் வானில் வளைந்து நிற்கும் வெண்ணிற வளைவொன்றையும் கொண்ட உதைபந்தாட்ட அரங்கையேயாகும்.

அவ்வரங்கில் இங்கிலாந்துத் தேசிய அணி ஆடும் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து வருபவர்கள் ஒரு விசித்திரத்தை அவதானித்திருப்பர். இடைவேளை முடிந்து இரண்டாம் பாதி ஆட்டம் தொடங்கிப் பல நிமிடங்கள் கழிந்த பின்னரும், கமராவுக்கு நேரெதிரே தெரியும் நடு அடுக்கில் சிவப்பு நிற ஆசனங்கள் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடக்கும். அதே வேளையில் மேல் அடுக்கிலும் கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் மக்கள் தோளோடு தோள் உரச நின்று பாடிக்கொண்டிருப்பர். 'நுழைவுச்சீட்டுகள் யாவும் விற்றுத் தீர்ந்துவிட்டன' என்று அறிவிக்கப்பட்ட போட்டியில் இந்த வெற்று ஆசனங்கள் எங்கிருந்து வந்தன என்று உதைபந்தாட்டத்தில் ஊறிய எமது இளைஞர்கள் கேட்பதுண்டு. குருநகரிலும் நாவாந்துறையிலும் மன்னாரிலும் கொம்பனித்தெருவிலும் காத்தான்குடியிலும் நள்ளிரவு கடந்தும் கண்விழித்து ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்ப்போர் கேட்கும் நியாயமான கேள்வி இது. இதற்கான விடை, தேசிய அணியொன்றின் சொந்த மண் போட்டிகளுக்கு நுழைவுச்சீட்டு எவ்வாறு விற்கப்படுகின்றது என்பதில் அடங்கியுள்ளது.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். கழக அணியொன்றுக்கு ஆண்டுதோறும் உறுதியான போட்டி அட்டவணை உண்டு. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கழகமொன்று பருவகாலமொன்றில் 19 லீக் போட்டிகளைத் தனது சொந்த மைதானத்தில் ஆடுகின்றது. எனவே, பருவகாலச் சீட்டு ஒன்றை விற்று, ஒரே ஆசனத்தை ஒரே இரசிகருக்கு ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கிவிடலாம். தந்தை இருந்த ஆசனத்தில் மகன் அமர்வதும் அங்கே சாதாரணம். தேசிய அணியின் நிலை அவ்வாறானதல்ல. அது தனது நாட்டில் ஆடுவது ஆண்டுக்கு ஐந்தாறு போட்டிகளே. அவற்றிலும் ஒன்று ஜேர்மனியுடன் நடந்தால் மற்றொன்று சன் மரினோவுடன் நடக்கும். முன்னையதற்கு இரண்டு இலட்சம் பேர் சீட்டுக் கேட்பர். பின்னையதற்கு அரங்கின் பாதியை நிரப்புவதே பெரும்பாடு. அத்துடன் கழக இரசிகர் ஒரு நகரத்தைச் சேர்ந்தவர். தேசிய அணியின் இரசிகரோ நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வரக்கூடியவர். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இலண்டனில் தொடங்கும் ஆட்டம் முடிந்த பின் வட இங்கிலாந்துக்குத் திரும்ப இரயில் கிடையாது என்பது அங்குள்ளோரின் நீண்டகால மனக்குறை.

ஆகவே, உதைபந்தாட்டச் சங்கங்களின் முன்னால் எப்போதும் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. சோபையற்ற போட்டிகளுக்கு மக்களை எப்படி வரவழைப்பது? மாபெரும் போட்டிகளுக்கு வர விரும்புவோரில் யாரை உள்ளே விடுவது? இவ்விரண்டுக்கும் ஒரே பதிலாகக் கண்டறியப்பட்டதே விசுவாசத்துக்குப் புள்ளி வழங்கும் முறையாகும். மழையில் நனைந்து சோபையற்ற போட்டியைப் பார்த்தவருக்கு மாபெரும் போட்டியின் சீட்டில் முன்னுரிமை தரப்படும் என்பதே அதன் சாரம். ஆனால், அரங்கைக் கட்டுவதற்குப் பெற்ற கடன் மூன்றாவது கேள்வி ஒன்றையும் கொண்டுவந்து சேர்த்தது. அதுவே வெம்பிளியின் நடு அடுக்குக் கதையாகும்.

பழைய வெம்பிளியில் நடைபெற்ற இறுதிப் போட்டி 2000 ஒக்டோபர் 7 ஆந் திகதி இங்கிலாந்துக்கும் ஜேர்மனிக்கும் இடையிலானது. டீட்மார் ஹமான் அடித்த ஒற்றைக் கோலினால் ஜேர்மனி வென்றது. இங்கிலாந்தின் முகாமையாளர் கெவின் கீகன் அன்றே பதவி துறந்தார். அதன் பின்னர் புதிய அரங்கு எழும்பும்வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இங்கிலாந்து அணி ஊர் ஊராகச் சென்று ஆடியது. மான்செஸ்டர், லிவர்பூல், நியூகாசில், பேர்மிங்காம் என்று தேசிய அணி மக்களின் வாசலுக்கே வந்த அக்காலத்தைப் பல இரசிகர்கள் இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூருகின்றனர். 2001 ஒக்டோபரில் கிரேக்கத்துக்கு எதிராக டேவிட் பெக்காம் இறுதிக் கணத்தில் அடித்த 'ப்ரீ கிக்' உதை ஓல்ட் ட்ரபோர்டில் நிகழ்ந்ததேயன்றி வெம்பிளியில் அல்ல. இலண்டனுக்கு வர வசதியற்ற குடும்பங்கள் தமது ஊரிலேயே தேசிய அணியைக் கண்டன. கடன் அடைக்க வேண்டிய அரங்கு ஒன்று இல்லாதிருந்தமையே அதற்குக் காரணம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதிய வெம்பிளி 2007 இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 800 மில்லியன் பவுண் செலவான அவ்வரங்குக்கு தேசிய லொத்தர் நிதியிலிருந்து 120 மில்லியன் கிடைத்தது. மிகப் பெரும் பங்கு, ஜேர்மன் வங்கியொன்றின் தலைமையில் பெறப்பட்ட கடனாகும். (பழைய அரங்கின் கடைசிப் போட்டியில் ஜேர்மனியிடம் தோற்றவர்கள், புதிய அரங்குக்கு ஜேர்மன் வங்கியிடமே சென்றனர் என்பது சுவையான முரண்.) இக்கடனை அடைப்பதற்காக நடு அடுக்கின் ஏறத்தாழ 17,000 ஆசனங்கள் 'கிளப் வெம்பிளி' என்ற பெயரில் தனியாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் அமரும் உரிமை பத்தாண்டுகளுக்கு விற்கப்பட்டது. உரிமைக்கு மட்டும் சுமார் 4,000 பவுணிலிருந்து 16,000 பவுண்வரை. அதற்கு மேல் ஆண்டுதோறும் தனிக் கட்டணம். இங்கிலாந்து அணியின் போட்டிகள் மாத்திரமன்றி, எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டி போன்றவையும் அதில் அடங்கும்.

இத்தொகையைச் செலுத்தக்கூடியவர்கள் யார்? பெரும்பாலும் கம்பனிகள். வாடிக்கையாளரை உபசரிக்கவும் வியாபாரப் பேச்சுகளை நடத்தவும் அவ்வாசனங்கள் பயன்பட்டன. ஆசனத்துக்குப் பின்னால் உணவகமும் மதுபானக் கூடமும் உண்டு. இடைவேளையில் உள்ளே சென்றவர்கள் உணவை முடித்துக்கொண்டு நிதானமாகவே திரும்புவர்; சிலர் திரும்புவதேயில்லை. இவ்வாறு, மிகச் சிறந்த காட்சி கிடைக்கும் ஆசனங்கள், ஆட்டத்தை மிகக் குறைவாக விரும்புபவர்களின் கைகளில் போய்ச் சேர்ந்தன. தொலைக்காட்சியில் வெறுமையாகத் தோன்றுபவை விற்கப்படாத ஆசனங்கள் அல்ல. மிக அதிக விலைக்கு விற்கப்பட்ட ஆசனங்கள்.

இந்த ஏற்பாட்டின் பெறுமதி எத்தகையது என்பதை 2018 ஆம் ஆண்டின் சம்பவமொன்று துலக்கமாகக் காட்டியது. பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் பெருஞ்செல்வந்தரான, புல்ஹாம் கழகத்தின் உரிமையாளர் ஷாஹித் கான், வெம்பிளி அரங்கை 600 மில்லியன் பவுணுக்கு வாங்க முன்வந்தார். உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைமையும் அதற்கு இணங்கும் நிலையில் இருந்தது. அப்பேரத்தில் ஒரு நிபந்தனை: கிளப் வெம்பிளி வியாபாரம் மாத்திரம் சங்கத்தின் வசமே இருக்கும். அதன் மதிப்பு மேலும் 300 மில்லியன் எனக் கணிக்கப்பட்டது. அதாவது, நாட்டின் தேசிய அரங்கைக் கைமாற்றத் துணிந்தவர்கள் நடு அடுக்கின் வருமானத்தைக் கைவிட விரும்பவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் அவ்வாண்டு ஒக்டோபரில் கான் தமது யோசனையை விலக்கிக்கொண்டார்.

இனி, மேல் அடுக்கிலும் கோல் கம்பங்களின் பின்னாலும் இருப்பவர்களிடம் வருவோம். இவர்களில் கணிசமானோர் இங்கிலாந்து இரசிகர் கழகத்தின் உறுப்பினர்கள். இக்கழகத்தின் வரலாற்றுக்கு இருண்ட பின்னணி ஒன்றுண்டு. 1998 இல் மார்செய் நகரிலும் 2000 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் சார்லரோய் நகரிலும் இங்கிலாந்து இரசிகர்கள் எனப்பட்டோர் நடத்திய கலகங்கள் நாட்டுக்கே தலைகுனிவை ஏற்படுத்தின. அணியைப் போட்டித் தொடரிலிருந்தே வெளியேற்றுவோம் என்று ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் எச்சரித்தது. அதே ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் புதிய சட்டமொன்றை நிறைவேற்றி, கலகக்காரர்கள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்வதைத் தடுக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு விரிவாக்கியது. இரசிகர் கழகமும் மறுசீரமைக்கப்பட்டது. உறுப்பினராக விரும்புவோர் சந்தா செலுத்துவதுடன், தடையுத்தரவு எதற்கும் உட்படாதவராகவும் இருக்க வேண்டும் என்றானது. ஆக, கலகக்காரரை விலக்கப் போட்ட வேலியே, பின்னர் விசுவாசத்தை அளக்கும் அளவுகோலாகவும் வளர்ந்தது.

அந்த அளவுகோலுக்கு இட்ட பெயர் 'தொப்பி'. தேசிய அணிக்காக ஆடும் வீரருக்குப் போட்டிக்கு ஒரு தொப்பி வழங்குவது ஆங்கிலேயரின் பழைய மரபு. இத்தனை தொப்பி பெற்றவர் என்றே வீரரின் அனுபவத்தைச் சொல்வர். அச்சொல்லையே இரசிகருக்கும் எடுத்துக்கொண்டனர். போட்டிகளுக்குச் செல்லும் உறுப்பினரின் கணக்கில் தொப்பிகள் சேரும். வெளிநாட்டில் நடைபெறும் தகுதிகாண் போட்டிகளுக்கு விருந்தினர் அணியின் இரசிகருக்குப் பொதுவாக அரங்கின் 5 வீத ஆசனங்களே ஒதுக்கப்படுகின்றன. சிறிய அரங்கானால் ஆயிரம் சீட்டுகளே தேறும். கேட்போர் அதிகமானால் கூடிய தொப்பிகளை உடையவருக்கு முதலிடம். சம எண்ணிக்கை உடையோரிடையே திருவுளச்சீட்டு. சில வேளைகளில், சீட்டுக் கைமாறுவதைத் தடுப்பதற்காக, போட்டி நடக்கும் நகரத்துக்கே சென்று கடவுச்சீட்டைக் காட்டி நேரில் பெறும்படியும் பணிக்கப்பட்டனர். இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சீட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் இங்கு சொல்லிவைக்க வேண்டும். இசைக் கச்சேரியின் சீட்டுக்கு அவ்வாறான பொதுத் தடை அன்று இருக்கவில்லை. எதிரெதிர் அணியினரின் இரசிகர்கள் கலந்து அமர்ந்தால் கலகம் மூளும் என்ற அச்சமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இம்முறை நியாயமானது என்றே எமக்குத் தோன்றுகின்றது. பணம் மாத்திரமன்றி, வந்து நின்ற நாட்களும் கணக்கில் எடுக்கப்படுகின்றன அல்லவா? 2014 செப்டெம்பர் 3 ஆந் திகதி நோர்வே அணியுடன் நடந்த சிநேகபூர்வப் போட்டியை நினைத்துப் பார்ப்போம். பிரேசிலில் நடைபெற்ற உலகக் கிண்ணத் தொடரின் முதற் சுற்றிலேயே இங்கிலாந்து வெளியேறி இரண்டு மாதங்களே கழிந்திருந்தன. 90,000 பேர் கொள்ளும் அரங்குக்கு அன்று வந்தோர் 40,181 பேர். இங்கிலாந்தின் போட்டியொன்றுக்குப் புதிய வெம்பிளி அதுவரை கண்ட மிகக் குறைந்த கூட்டம் அதுவே. அந்த நாற்பதாயிரவரில் ஒருவர் பின்னர் மாபெரும் போட்டிக்குச் சீட்டுக் கேட்டால், வெற்றி வந்த பின்னர் கொடி பிடிக்க வருபவரைவிட அவருக்கு முன்னுரிமை இருப்பதில் தவறில்லை. இங்கிலாந்தின் போட்டிகளில் அரங்கைச் சுற்றித் தொங்கும் வெண்கொடிகளிலே சிவப்புச் சிலுவையின் குறுக்கே எழுதப்பட்டிருக்கும் பெயர்களைக் கவனித்தால், அவை பெரும்பாலும் கீழ்ப் பிரிவுகளில் ஆடும் சிறிய கழகங்களினதும் சிறு நகரங்களினதும் பெயர்களாகவே இருக்கும். தமது கழகம் ஒருபோதும் ஐரோப்பாவைக் காணாது என்று அறிந்தவர்கள், தேசிய அணியின் வழியாக ஐரோப்பாவைக் காண்கின்றனர்.

எனினும், இம்முறையிலும் குறைகள் உண்டு. தொப்பிகள் சேரச் சேர, முன்வரிசையில் இருப்பவர்கள் அங்கேயே நிலைத்துவிடுகின்றனர். இருபது வயது இளைஞர் ஒருவர் இன்று உறுப்பினரானால், அதிகம் விரும்பப்படும் வெளிநாட்டுப் போட்டிக்கு அவரது முறை வரப் பல ஆண்டுகள் ஆகலாம். சீட்டு இல்லாமல் தொப்பி சேராது. தொப்பி இல்லாமல் சீட்டுக் கிடையாது. அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை செய்தால்தான் அனுபவம் என்று எமது பட்டதாரிகள் சுற்றிவரும் அதே வட்டம்தான் இது. விசுவாசத்தை அளக்கப் போய், ஓரளவுக்கு ஓய்வையும் வருமானத்தையும் அளக்கும் கருவியாக அது மாறிவிடுகின்றது. இரவு வேலை செய்யும் தாதிக்கும் குழந்தைகளை விட்டு வர இயலாத தாய்க்கும் விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

சீட்டு வைத்திருந்தவருக்கே இடமில்லாமற் போன நாளும் வந்தது. 2021 ஜூலை 11 ஆந் திகதி, ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் இத்தாலியும் வெம்பிளியில் மோதின. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் அரங்கின் ஒரு பகுதி ஆசனங்களே விற்கப்பட்டிருந்தன. உள்ளே ஆசனங்கள் வெறுமையாக இருக்கும் என்பதை அறிந்த ஆயிரக்கணக்கானோர் சீட்டின்றி வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 2,000 பேர் வாயில்களை உடைத்தும், மாற்றுத்திறனாளிகளுக்கான கதவுகள் வழியாகப் பலாத்காரமாகவும் உட்புகுந்தனர். பல ஆண்டுகள் புள்ளி சேர்த்துச் சீட்டுப் பெற்றவர்கள், தமது ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கக் கண்டனர். பிள்ளைகளோடு வந்தோர் அஞ்சி ஒதுங்கினர். இது பற்றி விசாரித்த லூயிஸ் கேசி சீமாட்டியின் அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. உயிரிழப்பு நேராதது தற்செயலே என்பதுதான் அதன் சாராம்சம். தண்டனையாக, 2022 ஜூனில் இத்தாலியுடனான போட்டியை வூல்வர்ஹாம்டன் நகரின் அரங்கில் பொதுமக்களின்றி ஆட வேண்டியிருந்தது. விதிமுறையின்படி சிறுவர்களுக்கு மாத்திரம் அனுமதி கிடைத்தது. சிறுவர்களின் கீச்சுக்குரல்களே எதிரொலித்த அந்த அரங்கில், எக்குற்றமும் புரியாத விசுவாச இரசிகர்களுக்கு இடமிருக்கவில்லை.

பிரித்தானியாவில் ஆசனத்தின் விலை பற்றிய விவாதத்துக்கு 1989 ஆம் ஆண்டின் ஹில்ஸ்பரோ அனர்த்தமே தொடக்கப் புள்ளி. நெரிசலில் சிக்குண்டு 97 பேர் மாண்ட அத்துயரத்தை விசாரித்த டெய்லர் பிரபு, பெரிய அரங்குகள் யாவும் ஆசனங்களை மாத்திரம் கொண்டனவாக மாற வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதைக் காரணங்காட்டி விலையை உயர்த்தத் தேவையில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டியிருந்தார். ஸ்கொட்லாந்தின் ஐப்ரொக்ஸ் அரங்கில் ஆசனத்துக்கு 6 பவுண், நிற்குமிடத்துக்கு 4 பவுண் என்பதையே அவர் உதாரணமாகக் காட்டினார். பரிந்துரையின் முதற் பாதி நிறைவேற்றப்பட்டது.

வெம்பிளியின் வழியைப் பின்பற்றப் போய் ஒரு சங்கமே வீழ்ச்சியின் விளிம்புக்குச் சென்ற கதை அயர்லாந்தினுடையது. இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

டப்ளின் நகரின் பழைய லான்ஸ்டவுன் வீதி அரங்கை இடித்துப் புதிதாகக் கட்டுவதென அயர்லாந்து உதைபந்தாட்டச் சங்கமும் றக்பி சங்கமும் கூட்டாக முடிவு செய்தன. 2010 மே மாதத்தில் அவிவா அரங்கு என்ற பெயரில் திறக்கப்பட்ட அதற்கு 410 மில்லியன் யூரோ செலவானது. அரசாங்கம் 191 மில்லியனை வழங்கியது. கட்டுமானக் காலத்தில் அயர்லாந்து அணி குரோக் பார்க்கில் ஆடியது. அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளுக்கே உரித்தான அம்மைதானத்தில் உதைபந்தாட்டமும் றக்பியும் அந்நியரின் விளையாட்டுகள் என்று நெடுங்காலமாகத் தடை செய்யப்பட்டிருந்தன. 2005 இல் அவ்விதி தளர்த்தப்பட்டதால் 2007 மார்ச்சில் அங்கு முதன்முறையாக உதைபந்தாட்டம் நடந்தது. 80,000 பேருக்கு மேல் கொள்ளும் அவ்வரங்கு நிரம்பியதைக் கண்டவர்கள், தமது இரசிகர் பலம் பற்றிப் பெருங்கணக்குப் போட்டிருப்பர்.

2008 செப்டெம்பரில் உதைபந்தாட்டச் சங்கம் தனது 'வான்டேஜ் கழகம்' திட்டத்தை அறிவித்தது. புதிய அரங்கின் நடு அடுக்கில் ஏறத்தாழ 10,000 ஆசனங்கள்; பத்தாண்டு உரிமை; விலை 12,000 யூரோவிலிருந்து 32,000 யூரோவரை. மிகக் குறைந்த விலையில் யாவும் விற்றாலே 120 மில்லியன் யூரோ கிடைத்துவிடும் என்பதால், அரங்குக்கான தனது பங்கைச் சங்கம் அதன் மூலமே ஈட்டிவிட எண்ணியது. கணக்குப் பிழையானதல்ல, காலம் பிழைத்தது. அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்கி சரிந்தது. மாத இறுதியில் அயர்லாந்து அரசு தனது வங்கிகளின் கடன்களுக்கெல்லாம் உத்தரவாதமளிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. 2010 நவம்பரில் சர்வதேச நாணய நிதியத்திடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் கையேந்திய நாட்டில், 32,000 யூரோ கொடுத்து உதைபந்தாட்டம் பார்க்க யார் வருவர்? வேலை தேடி இளைஞர்கள் ஒஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறாத குறையாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். அத்தகைய புறப்பாட்டின் துயரம் எமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

விற்பனை எதிர்பார்த்த எண்ணிக்கையை நெருங்கவே இல்லை. ஆடுகளமும் கைகொடுக்கவில்லை. 2009 நவம்பர் 18 ஆந் திகதி பரிஸில் பிரான்ஸ் வீரர் தியரி ஹென்றி பந்தைக் கையால் தடுத்து அமைத்துக் கொடுத்த கோல், அயர்லாந்தின் 2010 உலகக் கிண்ணக் கனவைக் கலைத்தது. அது பற்றிய வழக்கைத் தவிர்ப்பதற்காகப் பீபா அயர்லாந்துச் சங்கத்துக்கு 5 மில்லியன் யூரோ கொடுத்திருந்தமை 2015 இல் அம்பலமானது. 2011 மே மாதத்தில் அவிவா அரங்கில் நடந்த நாடுகள் கிண்ணத் தொடரின் போட்டியொன்றில், வேல்ஸ் அணியும் வட அயர்லாந்து அணியும் ஆடியபோது வந்திருந்தோர் அறுநூறு பேர்கூட இல்லை. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான ஆசனங்களுக்கு நடுவில் வீரர்கள் ஒருவரையொருவர் அழைப்பது தெளிவாகக் கேட்டிருக்கும்.

ஆயினும், கடன் 2020 ஆம் ஆண்டளவில் முற்றாகத் தீர்ந்துவிடும் என்றே சங்கத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி ஜோன் டிலேனி சொல்லி வந்தார். அவரது ஆண்டுச் சம்பளம் ஒரு கட்டத்தில் 360,000 யூரோ. 2017 இல் அவர் சங்கத்துக்கு 100,000 யூரோ கடன் கொடுத்திருந்த செய்தி 2019 மார்ச்சில் வெளியானபோதுதான், உள்ளே ஏதோ உளுத்துப்போயிருப்பதை மக்கள் உணர்ந்தனர். அம்மாதம் 26 ஆந் திகதி, ஜோர்ஜியா அணியுடனான போட்டியின் 33 ஆவது நிமிடத்தில், இரசிகர்கள் நூற்றுக்கணக்கான டெனிஸ் பந்துகளை ஆடுகளத்துக்குள் வீசினர். ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. வீசியவர்கள் 32,000 யூரோ ஆசனக்காரர்கள் அல்லர். அணி தோற்றாலும் வென்றாலும் வந்து பாடுபவர்கள். தமது சொந்த அணியின் ஆட்டத்தைத் தாமே நிறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், சங்கத்தின் பொறுப்புகள் 55 மில்லியன் யூரோ என்ற உண்மை வெளியானது. 2020 ஜனவரி இறுதியில் அரசாங்கமும் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியமும் வங்கியும் சேர்ந்து மீட்புத் திட்டமொன்றை அறிவித்தன. பத்தாண்டு உரிமைகளின் காலமும் அவ்வாண்டிலேயே முடிவடைந்தது.

பத்தாண்டு ஆசனத் திட்டம் மாத்திரமே அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நிர்வாகச் சீர்கேடுகள் பல. ஆனால், அணியின் வருங்கால வருமானம் முழுவதையும் ஒரே வகையான வாடிக்கையாளரின் பணப்பையில் கட்டிவைத்ததுதான் முதற் பிழை. பணக்கார வாடிக்கையாளர் பொருளாதாரம் சரிந்ததும் முதலில் விலகுபவர். நாற்பது யூரோ கொடுப்பவர் வேலை போனாலும் எப்படியோ ஒரு போட்டிக்காவது வந்துவிடுவார். 2025 நவம்பர் 13 ஆந் திகதி, ரொனால்டோ சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய போட்டியில் போர்த்துக்கல்லை அயர்லாந்து 2–0 என வென்றபோது அவிவா அரங்கு அதிர்ந்தது.

புள்ளிகளின் உண்மையான பெறுமதி வெளிப்படுவது உலகக் கிண்ணச் சீட்டு விநியோகத்தின்போதுதான். அதே நவம்பர் 18 ஆந் திகதி கிளாஸ்கோவின் ஹம்டன் பார்க்கில் டென்மார்க்கை 4–2 என வென்று, ஸ்கொட்லாந்து 1998 இற்குப் பின்னர் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 28 ஆண்டுகள் காத்திருந்த இரசிகர்களின் கண்ணீர் காய்வதற்குள் விலைப்பட்டியல் வந்தது. 2026 தொடரில் போட்டியொன்றின் சீட்டுகளில் ஒவ்வோர் அணியின் சங்கத்துக்கும் 8 வீதம் ஒதுக்கப்படும். அதை எந்த இரசிகருக்கு விற்பது என்பதைச் சங்கமே தீர்மானிக்கும். தொப்பியும் புள்ளியும் பயன்படுவது இங்கேதான். ஆனால், 2025 டிசம்பரில் வெளியான விலைகளின்படி, அந்த ஒதுக்கீட்டிலிருந்து இறுதிப் போட்டிக்கான மிக மலிவான சீட்டே 4,185 டொலர். தொடரை நடத்தும் உரிமை கேட்டு விண்ணப்பித்தபோது 21 டொலருக்கும் சீட்டுகள் இருக்கும் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. 2024 இல் ஜேர்மனியில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் 30 யூரோவுக்குச் சீட்டு வாங்கியவர்கள், இதைத் துரோகம் என்றே வர்ணித்தனர்.

எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் பீபா ஒரு சலுகையை அறிவித்தது. விசுவாச இரசிகர்களுக்கென, இறுதிப் போட்டி உட்பட ஒவ்வொரு போட்டிக்கும் 60 டொலர் சீட்டுகள். கேட்பதற்கு இனிமையானதே. ஆனால், அவை சங்கங்களின் 8 வீத ஒதுக்கீட்டில் பத்திலொரு பங்கு மாத்திரம். 80,000 பேர் கொள்ளும் அரங்கில் 8 வீதம் 6,400. அதில் பத்திலொன்று 640. ஒரு நாட்டின் இருபது ஆண்டு விசுவாசம் 640 ஆசனங்களுக்குள் அடங்கிவிட்டது. அதைப் பெற்றவர் விமானப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் வேறு பணம் தேட வேண்டும்.

எமது நாட்டில் தேசிய உதைபந்தாட்ட அணியின் போட்டிக்குப் புள்ளி சேர்த்துச் சீட்டு வாங்கும் நிலை இல்லை. 2023 ஜனவரியில் பீபா விதித்த தடை ஆகஸ்ட்டில் நீங்கும்வரை அணியே களமிறங்க முடியாதிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் யேமன் அணி கொழும்புக்கு வந்தபோது, 1–1 என்ற சமநிலையைக் கொண்டாடியவர்கள் எந்தத் திட்டத்தாலும் அழைத்து வரப்பட்டவர்கள் அல்லர். நோர்வே போட்டிக்கு வெம்பிளி சென்ற நாற்பதாயிரவருக்கும் அவர்களுக்கும் அதிக வேறுபாடில்லை. எமது நிர்வாகிகள் என்றாவது உறுப்புரிமைத் திட்டமொன்றை வகுப்பார்களாயின், பெயர்களை எழுதத் தொடங்க வேண்டியது அவர்களிடமிருந்துதான்.

இப்போது வாயிலிலேயே ஒவ்வொரு சீட்டும் கருவியால் வாசிக்கப்படுகின்றது. யார் வாங்கினார் என்பது மாத்திரமன்றி, யார் வந்தார் என்பதும் சங்கங்களுக்குத் தெரியும். வாங்கிவிட்டு வராதவருக்குப் புள்ளி கொடுக்காதிருப்பதும், வர இயலாதவர் தமது சீட்டை முகப்பு விலைக்கே வேறோர் உறுப்பினருக்குத் திருப்பிக் கொடுக்க வழி செய்வதும், ஒவ்வொரு போட்டியிலும் ஒரு பங்கைத் தொப்பி எதுவுமில்லாத இளையோருக்குக் குலுக்கலில் கொடுப்பதும் கடினமான காரியங்கள் அல்ல. நடு அடுக்கில் விருந்துண்ணப் போனவரின் ஆசனத்தை இரண்டாம் பாதிக்கு மேல் அடுக்குச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று எமது அலுவலக நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். அதற்கு மட்டும் எந்தச் சங்கமும் இணங்காது.